அறிவியல் ஆசிரியராக எந்தப் பட்டம் படிப்பது? வகுப்பறையில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கைப் பாடம் வரும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். "இந்தக் கட்டையோட எடை எங்கேருந்து வந்தது?" என்று கேட்பேன். பாதிப் பேர் மண் என்பார்கள், மீதிப் பேர் தண்ணீர் என்பார்கள். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளைகள்தான். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடுதான் இந்தக் கட்டையின் பெரும்பகுதி என்றால் ஒருவர் முகத்திலும் நம்பிக்கை வராது. ஒரு வருடம் ஒரு பெண் எழுந்தே கேட்டுவிட்டாள்: "காத்துக்கு ஏது டீச்சர் எடை?"

அந்தக் கேள்விக்கு உயிரியல் புத்தகத்தில் பதில் இல்லை. அறையை அளக்கச் சொன்னேன். நீளம் 8 மீட்டர், அகலம் 6, உயரம் 3. மொத்தம் 144 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. பெருக்கினால் 170 கிலோவைத் தாண்டுகிறது. தாங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே மூன்று நான்கு பேர் எடைக்குக் காற்று இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் பாடம் நகர்ந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி 200 பவுண்டு மண்ணில் வில்லோ மரக் கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 164 பவுண்டு கூடியது, மண் சில அவுன்ஸ்தான் குறைந்தது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றே அவரும் முடிவு கட்டினார். அது அச்சானது 1648-இல்.

நான் முதன்மைப் பாடமாகப் படித்தது தாவரவியல். அன்று எனக்குக் கைகொடுத்ததோ கல்லூரியில் வேண்டாவெறுப்பாகப் படித்த துணைப் பாடங்களான வேதியியலும் இயற்பியலும். அறிவியல் ஆசிரியராக எந்தப் பட்டம் படிக்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பட்டத்தின் பெயர் வேலை வாங்கித் தரும். வகுப்பில் காப்பாற்றுவது அந்தப் பட்டத்துக்குள் என்னென்ன படித்தோம் என்பதுதான். தேர்ந்தெடுக்கும்போது இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதல் படி: எங்கே, எந்த வகுப்புக்கு?

பெரும்பாலோர் கல்லூரியிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, இடம் கிடைக்குமா என்று போகிறது யோசனை. அதைத் திருப்பிப் போடுங்கள். எந்த நாட்டில், எந்த மாநிலத்தில், எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

காரணம், ஆசிரியர் உரிமம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி உரிமம் கொடுக்கிறது. இங்கிலாந்தில் தகுதிபெற்ற ஆசிரியர் நிலை என்று ஒன்று உண்டு. பட்டதாரிகள் பலர் ஓராண்டுப் பயிற்சியில் அதைப் பெறுகிறார்கள். பின்லாந்தில் பாட ஆசிரியர் ஆக முதுகலைப் பட்டம் வேண்டும், அதற்குள் 60 கிரெடிட் (ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு) அளவுக்குக் கற்பித்தல் படிப்பும் இருக்க வேண்டும். ஜெர்மனியில் வழக்கமாக இரண்டு பாடங்களை எடுத்து முதுகலை முடித்து, பிறகு ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருந்து அரசுத் தேர்வு எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் கல்வி அமைச்சு முதலில் ஆளை வேலைக்கு எடுத்துக்கொண்டு, பிறகு தேசியக் கல்விக் கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது. இந்தியாவில் 9, 10-ஆம் வகுப்புகளுக்கு இளங்கலையோடு பி.எட். வேண்டும், 11, 12-ஆம் வகுப்புகளுக்கு அந்தப் பாடத்தில் முதுகலையும் வேண்டும்.

வகுப்பு நிலை ஏன் முக்கியம்? கீழ் வகுப்புகளில் பெரும்பாலும் 'அறிவியல்' என்று ஒரே பாடம்தான். இயற்பியல் படித்தவர் செல்லையும் நடத்துவார், அமிலத்தையும் நடத்துவார். மேல் வகுப்புகளில் பாடம் பிரிந்துவிடும், ஆழமும் கூடிவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு இருப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சியா, பதினேழு வயதுக்காரர்களுக்கு மின்காந்தத் தூண்டல் நடத்துவதில் மகிழ்ச்சியா? முதலாவதற்கு அகலம் வேண்டும், இரண்டாவதற்கு ஆழம் வேண்டும். இரண்டும் வெவ்வேறு பட்டங்களை நோக்கிப் போகும்.

இரண்டாம் படி: விதியைச் சொல்லுக்குச் சொல் படிப்பது

உரிமம் கொடுக்கும் அமைப்பு, வேலைக்கு எடுக்கும் அமைப்பு இரண்டின் அறிவிக்கைகளையும் தேடி எடுங்கள். இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சிப் படிப்பில் சேரத் தகுதி இருந்தும், அதை முடித்த பிறகு பணிக்கு விண்ணப்பிக்கத் தகுதி இல்லாமல் போவதுண்டு. பழைய அறிவிக்கையை எடுத்து இப்போதைய விதியோடு ஒப்பிட்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் தெரியும்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேதியியலில் உயிராக இருந்தவள். பெயரில் இன்னும் நவீனமாகத் தெரிந்ததால் பயன்பாட்டு வேதியியல் என்ற பட்டத்தில் சேர்ந்தாள். நல்ல மதிப்பெண். கற்பித்தல் பட்டமும் முடித்தாள். பணிக்கு விண்ணப்பித்தபோது, அறிவிக்கையில் 'வேதியியல்' என்றுதான் இருக்கிறது, உங்கள் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறதே என்று நிறுத்திவிட்டார்கள். இரண்டும் சமம் என்று காட்டும் இணைச் சான்றுக்காக ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தாள். இரண்டு பாடத்திட்டங்களையும் நான் அருகருகே வைத்துப் பார்த்தேன். பத்தில் எட்டுத் தாள்கள் ஒன்றேதான். அவள் அழுததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. சேரும் முன் ஐந்து நிமிடம் அறிவிக்கையைப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அழுகை அது. நானும் அப்போது அவளுக்குச் சொல்லத் தவறினேன்.

உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், மின்னணுவியல் போன்ற பட்டங்களை எடுக்க நினைப்பவர்கள் இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள். அருமையான படிப்புகள்தான். ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் அந்தப் பெயரில் பாடம் இல்லை. உங்கள் பட்டம் எந்தப் பள்ளிப் பாடத்தின் கணக்கில் வரும் என்பதை எழுத்தில் பார்க்காமல் சேராதீர்கள். யாராவது வாய்வார்த்தையாக "அதெல்லாம் எடுத்துப்பாங்க" என்றால், எந்த விதியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

கூடவே பார்க்க வேண்டியவை: குறைந்தபட்ச மதிப்பெண் சதவீதம், தொலைநிலைக் கல்வியில் பெற்ற பட்டம் செல்லுமா, பயிற்சிக் கல்லூரிக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா, தகுதித் தேர்வு உண்டா. பள்ளிப் படிப்பில் வாங்கிய மதிப்பெண்ணைக்கூடச் சில இடங்களில் கேட்பார்கள்; இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சிக்குப் போக ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பதினாறு வயதுத் தேர்வில் குறிப்பிட்ட தரம் வேண்டும்.

மூன்றாம் படி: சேரும் முன் கற்பித்துப் பாருங்கள்

இதைச் செய்யாமல் ஐந்து வருடத்தை முதலீடு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கலாம், உறவுக்காரப் பெண்ணாக இருக்கலாம். யாராவது இரண்டு பேருக்குப் பத்து மணி நேரம் அறிவியல் சொல்லிக்கொடுங்கள். ஒரே பாடத்தை இருவருக்கும் தனித்தனியாக நடத்துங்கள். இரண்டாவது முறை நடத்தும்போது அலுப்பு வருகிறதா, இல்லை முதல் தடவை சொதப்பியதைச் சரிசெய்யத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். இந்தத் தொழிலில் ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் மூன்று நான்கு பிரிவுகளுக்கு நடத்துவீர்கள், அப்புறம் அடுத்த வருடமும் நடத்துவீர்கள். அது சுமையாகத் தெரிந்தால் ஆய்வோ தொழில்துறையோ உங்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1997-இல் தொடங்கிய யூடீச் என்ற திட்டம் இதைத்தான் முறையாகச் செய்கிறது. அறிவியல், கணித மாணவர்களை முதல் பருவத்திலேயே தொடக்கப் பள்ளி வகுப்புக்குள் அனுப்பிப் பாடம் நடத்த வைக்கிறார்கள். பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் ஒரு பருவத்தோடு விலகிவிடலாம். உங்கள் ஊரில் அப்படி ஒரு திட்டம் இல்லாவிட்டாலும் அதே சோதனையை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: இயற்பியலா, வேதியியலா, உயிரியலா?

பிடித்ததைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான்.

இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பல நாடுகளில் தட்டுப்பாடு இருக்கிறது. இயற்பியலும் கணிதமும் தெரிந்தவர்களைத் தொழில்துறை இழுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் இயற்பியல் ஆசிரியப் பயிற்சிக்கான சேர்க்கை இலக்கைப் பல ஆண்டுகளாக எட்ட முடியாமல், உதவித்தொகை கொடுத்து அழைக்கிறார்கள். உயிரியலில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறு. பட்டதாரிகள் நிறைய, இடங்கள் அந்த அளவுக்கு இல்லை. வேதியியல் நடுவில் நிற்கிறது. அதற்கு இன்னொரு வசதி உண்டு: ஒரு கை இயற்பியல் பக்கமும் ஒரு கை உயிரியல் பக்கமும் நீளும். பொது அறிவியல் நடத்த வேண்டியவர்களுக்கு வேதியியல் நல்ல மையம் என்பது என் கருத்து.

அதற்காக வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, பிடிக்காத இயற்பியலைப் படிக்காதீர்கள். பிள்ளைகள் அதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு பாடங்கள் சமமாகப் பிடித்திருந்தால் மட்டும் தேவை எங்கே அதிகம் என்று பாருங்கள்.

தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை ஒன்று. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு பாடத் தலைப்புக்கும் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு பிள்ளை கேட்கக்கூடிய 'ஏன்' கேள்வி ஒன்றை எழுதுங்கள். பதிலை இப்போதே தேடிப் படிக்க வேண்டும் என்று எந்தக் கேள்விகள் உங்களைப் பிடித்து இழுக்கின்றனவோ, அங்கேதான் உங்கள் முதன்மைப் பாடம். எதைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டீர்களோ, அதுதான் உங்கள் துணைப் பாடமாக இருக்க வேண்டும். ஆம், பிடிக்காததைத்தான். மரக்கட்டையோடு நிற்கும் நாளில் அது தேவைப்படும்.

ஐந்தாம் படி: எந்த வழியாகப் போவது?

உலகம் முழுக்கப் பார்த்தாலும் அடிப்படையில் வழிகள் மூன்றுதான்.

ஒன்று, ஒருங்கிணைந்த பட்டம். அறிவியலும் கற்பித்தலும் சேர்த்து நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள். இந்தியாவில் மைசூர், அஜ்மீர், போபால், புவனேஸ்வர் ஆகிய ஊர்களில் 1963-இல் தொடங்கிய மண்டலக் கல்லூரிகள் பி.எஸ்ஸி., பி.எட். இரண்டையும் நான்கே ஆண்டுகளில் சேர்த்துக் கொடுத்து இந்த வழிக்கு முன்னோடியாக இருந்தன. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பையே முன்வைக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் இதுபோன்ற இரட்டைப் பட்டங்கள் உண்டு. ஒரு வருடம் மிச்சமாகும். அதைவிடப் பெரிய நன்மை, காலையில் வெப்ப இயக்கவியல் படித்துவிட்டு மதியம் அதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று கூர்மையாக்கும்.

இதில் அபாயமும் உண்டு. பதினேழு வயதில் எடுக்கும் முடிவு இது. நடுவில் மனம் மாறினால் கையில் என்ன பட்டம் மிஞ்சும் என்று கேளுங்கள். அறிவியல் தாள்களைக் குறைத்துவிட்டுக் கல்வியியல் தாள்களால் நிரப்பிய படிப்புகளும் இருக்கின்றன. வழக்கமான பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு எத்தனை தாள் குறைகிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பட்டத்தை வைத்து அதே பாடத்தில் முதுகலைக்குச் சேர முடியுமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, முதலில் அறிவியல் பட்டம், பிறகு கற்பித்தல் பட்டம். இந்தியாவில் மூன்றாண்டு இளங்கலைக்குப் பின் பி.எட்.; அந்த பி.எட். 2015-லிருந்து இரண்டாண்டுப் படிப்பாக இருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவில் பட்டத்துக்குப் பின் இரண்டாண்டுக் கற்பித்தல் முதுகலை. நான் வந்ததும் இந்த வழிதான். பாடத்தில் ஆழம் கிடைக்கும், வேறு கதவுகளும் திறந்தே இருக்கும். குறை என்னவென்றால், கற்பித்தல் கடைசியில் ஒட்டவைத்ததுபோல வரும். மூன்று வருடம் படித்த பாடத்தை மாணவர் கண்ணால் பார்க்க யாரும் பழக்கியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி. வேறு துறையில் இருந்து வருபவர்களுக்கு இது வரம். ஆனால் முதல் வருடம் முழு வகுப்பையும் தோளில் சுமந்துகொண்டு இரவில் படிக்க வேண்டும். பள்ளியில் வழிகாட்டும் மூத்த ஆசிரியர் ஒருவர் உறுதியாக இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

எதைச் சொல்வேன்? ஆசிரியர்தான் ஆவேன் என்று மூன்றாம் படியின் சோதனைக்குப் பிறகும் உறுதியாக இருந்து, அறிவியல் தாள்கள் குறையாத ஒருங்கிணைந்த படிப்பு கிடைத்தால் அதை எடுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் தனிப் பட்டமே மேல்.

ஆறாம் படி: பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் படிப்பது

கல்லூரியின் விளம்பரக் கையேடு போதாது. தாள் வாரியான பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் நான் முதலில் பார்ப்பது அறிவியல் கற்பித்தல் முறை என்று தனித் தாள் இருக்கிறதா, அதை நடத்துபவர் பள்ளியில் அறிவியல் நடத்தியவரா என்பதை. லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: பாட அறிவு வேறு, பொதுவான கற்பித்தல் அறிவு வேறு, ஒரு குறிப்பிட்ட பாடத்தை மாணவருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லத் தெரிவது மூன்றாவதாக ஓர் அறிவு. எந்த உவமை உதவும், எந்த உவமை ஏமாற்றும், பிள்ளைகள் எந்த இடத்தில் வழக்கமாகத் தடுக்கி விழுவார்கள் என்பதெல்லாம் அதில் அடங்கும். பொதுவான உளவியல் தாள்களை எத்தனை படித்தாலும் இது வராது.

அடுத்து ஆய்வகம். செய்முறை வகுப்பு என்றால் நீங்கள் செய்வது மட்டுமல்ல, நாற்பது பேரைச் செய்ய வைப்பது. ஒரு சின்ன உதாரணம்: தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) வகுப்புக்கு நாற்பது பேருக்குத் தலா 50 மில்லி லிட்டர், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வேண்டும். மொத்தம் 2 லிட்டர், அதற்கு 8 கிராம் திடப்பொருள். தராசில் வைத்து நிதானமாக எடை பார்த்துக்கொண்டிருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தட்டிலேயே கசியத் தொடங்கும். எடை கூடிக்கொண்டே போகும். மூடியைத் திறந்தால் சட்டென்று எடுத்து மூட வேண்டும். தண்ணீரில் போட்டால் பாத்திரம் சூடாகும், ஆறவிட்டுத்தான் அளவை நிரப்ப வேண்டும். இதையெல்லாம் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் செய்து வைத்துவிடுவார், நாம் குழாயைத் திறந்து மூடிவிட்டு வருவோம். பள்ளியிலோ அந்த உதவியாளர் நீங்களாகவே இருக்கலாம். அதனால் கரைசல் தயாரிப்பு, கருவி பழுது பார்த்தல், ஆய்வகப் பாதுகாப்பு இவற்றை மாணவர்களையே செய்ய வைக்கும் கல்லூரியைத் தேடுங்கள். கல்லூரிக்கு நேரில் போனால் ஆய்வகத்தை எட்டிப் பாருங்கள். நுண்ணோக்கிகள் உறையோடு தூசி படிந்து நின்றால் விஷயம் புரிந்துவிடும்.

மூன்றாவது, பள்ளிப் பயிற்சி எத்தனை வாரம், அதில் உண்மையில் எத்தனை பாடவேளை நீங்கள் நடத்துவீர்கள், பின்னால் உட்கார்ந்து யார் பார்ப்பார்கள், பார்த்த பிறகு உட்கார்ந்து பேசுவார்களா. முடித்த மாணவர்கள் இருவரிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். கையெழுத்து வாங்கினால் போதும் என்ற பதில் வந்தால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: விருப்பத் தாள்களை வீணாக்காதது

விருப்பத் தாளில் மதிப்பெண் எளிதாக வருவதை எடுப்பது வழக்கம். ஆசிரியராகப் போகிறவர்கள் வேறு மாதிரி எடுக்க வேண்டும். புள்ளியியல் ஒன்று எடுங்கள். அளவீட்டுப் பிழையை விளக்க அது வேண்டும். வானியலோ புவியியலோ ஒன்று எடுங்கள். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால்தான் வெயில் என்று நம்பும் பட்டதாரிகள் ஏராளம். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அறிவியல் வரலாறு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுங்கள். வான் ஹெல்மான்ட் தடுக்கிய இடத்தில்தான் என் மாணவர்களும் தடுக்கினார்கள் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தத் தாள்தான்.

வேறு துறையில் பட்டம் முடித்தவர்களுக்கு

பொறியியல், மருந்தியல், வேளாண்மை முடித்துவிட்டு ஆசிரியராக வர விரும்புபவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். நல்லதுதான். இந்தியாவில் அறிவியலும் கணிதமும் உள்ளடங்கிய பொறியியல் பட்டம் 55 சதவீதத்தோடு இருந்தால் பி.எட்.-இல் சேரலாம். இங்கிலாந்தில் தொடர்புள்ள பட்டம் இருந்தால், விட்டுப்போன பாடப் பகுதிகளைப் படிக்கச் சில பாடங்களுக்குப் பாட அறிவு மேம்பாட்டுப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால் இரண்டாம் படியில் சொன்னது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்: பயிற்சியில் சேர்வது வேறு, பணிக்குத் தகுதி பெறுவது வேறு. பெரும்பாலும் அந்தப் பள்ளிப் பாடத்தில் ஒரு தனி இளங்கலையோ முதுகலையோ சேர்த்துப் படிக்க வேண்டிவரும். அதற்கான காலத்தையும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு வேலையை விடுங்கள்.

முதுகலை எப்போது?

மேல்நிலை வகுப்புகளுக்கு அது கட்டாயமான இடங்களில் கேள்வியே இல்லை. மற்ற இடங்களில், இரண்டு மூன்று வருடம் நடத்திவிட்டுப் போய்ப் படிப்பது நல்லது. எனக்கு அப்படித்தான் அமைந்தது. பிள்ளைகள் கேட்டுப் பதில் தெரியாமல் குறித்துவைத்த கேள்விகளோடு முதுகலை வகுப்பில் உட்கார்ந்தபோது, இளங்கலையில் காதில் விழாத விஷயங்களெல்லாம் விழுந்தன. முதுகலையைப் பாடத்தில் செய்வதா, கல்வியியலில் செய்வதா என்றால், தலைமைப் பொறுப்போ ஆசிரியப் பயிற்றுநர் பணியோ வேண்டுபவர்களுக்குக் கல்வியியல் பயன்படும். வகுப்பறையிலேயே இருக்க விரும்பினால் பாடத்தில் செய்யுங்கள்.

காகிதங்கள்

சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. ஒவ்வொரு பருவத்தின் பாடத்திட்டத்தையும், பல்கலைக்கழகம் வெளியிட்ட வடிவத்திலேயே, பாடவேளைகளும் செய்முறை மணி நேரங்களும் தெரியும்படி எடுத்துவையுங்கள். பயிற்சிக்குப் போன பள்ளியின் கடிதம், நடத்திய பாடவேளைகளின் எண்ணிக்கை, மேற்பார்வையாளரின் குறிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். பின்னால் வேறு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ போகும்போது உங்கள் பட்டத்தைத் தாள் தாளாகப் பிரித்துத்தான் மதிப்பிடுவார்கள். பத்து வருடம் கழித்துப் பழைய பாடத்திட்டத்தைத் தேடிப் போனால் பல்கலைக்கழகத்திலேயே அது இருக்காது. ஒரு நகலை வீட்டிலும், வருடி எடுத்த இன்னொரு நகலை மின்னஞ்சலிலும் வைத்துவிடுங்கள்.